தோள், முதுகு, நெற்றி

பென் டிரைவின் மூடியைக் கழற்றினேன். தைலம் மணந்தது.

உன் விரல்களில் இருந்த மணம். சோப்புக்கும் போகாது, மழைக்கும் போகாது என்பாய். இந்தச் சின்ன இடுக்குக்குள் ஒரு வருஷம் இருந்திருக்கிறது.

இன்று இதை எடுக்க வைத்தது உன் அம்மா. காலையில் போன் செய்தார்கள். வருகிற சனிக்கிழமை உன் முதலாம் ஆண்டு நினைவு ஜெபக்கூட்டம்.

"சபையில வயலின் வாசிக்கிற அண்ணன்கிட்ட சொல்லியாச்சு மக்கா. அவ எப்பவும் கேப்பாளே, அந்த சபைப் பாட்டு, அத அவரு வாசிப்பாரு. நீ அவருக்கு அனுப்பிக் குடு. பின்ன, ஜெபக்கூட்டத்துக்குத் தாள் அச்சடிக்கணும். அந்தப் பாட்டுக்க பேரு என்ன?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. பேர் எனக்குத் தெரியும். சிக்கலே அதுதான்.

எட்டுக் கோப்புகள். திரையில் வரிசையாக: முதுகு. தோள். கை. வயிறு. முழங்கால். உள்ளங்கால். நெற்றி. கை கழுவ.

நீ வைத்த பேர்கள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள் நீ. உன் தமிழெழுத்து ஞாயிறு பள்ளியில், பைபிளில் விரல் வைத்து வந்தது. கோப்புகளில் முதலில் இருந்த ரஷ்ய எழுத்துகள் உன் போனில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. "கட்டத்த எப்பிடி வாசிக்க?" என்று உனக்குத் தெரிந்த வரிசையில் பேர் போட்டுவிட்டாய்.

பூவாரில், படகில் மட்டும் போக முடிகிற அந்த விடுதியில் உனக்கு எண்ணெய் தேய்த்து விடும் உழிச்சில் வேலை. தோணி போலக் குழிந்த மரக்கட்டிலில் ஆளைப் படுக்க வைத்து, இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் உன் கூட்டாளி. நான்கு கையும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும், ஒரே வேகத்தில் ஏற வேண்டும். அதற்காகவே விடுதியில் ஒரு இசை போடுவார்கள். புல்லாங்குழல், கூடவே ஓடை ஓடுகிற சத்தம்.

"ஒரு மணி நேரம் தண்ணி ஒழுவுற சத்தம் கேட்டா ஆருக்குத்தான் ஒண்ணுக்கு முட்டாது? பாதியில எழும்பி ஓடுவாவ."

ரஷ்யாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா ஓடவில்லை. முதல் நாளே கையை உயர்த்தி அதை நிறுத்தச் சொன்னார். தன் பையிலிருந்து சின்ன ஒலிபெருக்கியையும் இந்தப் பென் டிரைவையும் எடுத்துத் தந்தார். சோவியத் காலத்துப் படங்களுக்கு எழுதப்பட்ட இசை. பிறகு படமில்லாமல், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்தது. அவருடைய துண்டு துண்டான ஆங்கிலத்திலிருந்து இவ்வளவும் உனக்கு விளங்கியிருந்தது.

அன்று சாயங்காலம் நம் ஊர் காரோட்டில், நம் வீடுகளுக்கு நடுவிலுள்ள வேலிக்கு அந்தப்புறம் நின்று சொன்னாய்.

"சினிமாப் பாட்டாக்கும். அம்மைக்கிட்ட சொல்லிராத."

உன் வீட்டில் சினிமா கிடையாது. டிவியில் செய்தி உண்டு, அதிலும் விளம்பரம் வந்தால் உன் அம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர்கள். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி அலறினால் சாப்பிடாமல் திரும்பி வருகிறவர்கள்.

"பின்ன ஒண்ணு கேளு. அவங்களுக்க இடது தோளு கல்லு. வலது தோளு அப்பிடி இல்ல. தாடைக்குக் கீழ ஒரு தழும்பு. நம்ம வயலின் அண்ணனுக்கும் அங்கதான் உண்டு. நான் தழும்பத் தொட்டு, இப்பிடி வில்லு இழுத்துக் காட்டினேன். எழும்பி உக்காந்து என்னக் கெட்டிப் பிடிச்சிட்டாவ. எனக்க யூனிபாரம் முழுக்க எண்ண."

வயலின் அல்ல, வயோலா; அதைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது. அந்தப் பதிவுகளிலேயே வாசித்தவர். ஒலிபெருக்கியைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டினாராம்.

அதற்குப் பிறகு நீ அவரை அந்தக் கூட்டத்துக்குள் தேட ஆரம்பித்தாய். உன் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லில் போனை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு.

"இந்தா. இது அவங்க."

"அறுபது பேர் வாசிக்கிறாங்கட்டி. எப்படித் தெரியும்?"

"பத்து நாளு தொட்ட தோளு. அதுக்க சத்தம் எனக்குத் தெரியாதா?"

நான் சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் இசையையும் சினிமாவையும் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருந்த நான். சிரித்துவிட்டு நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை.

உனக்குப் பிடித்தது 'நெற்றி'. நெற்றியில் எண்ணெய்த் தாரை விழும்போது வருவது. கீழ்த் தந்திகள் மட்டும். ஒரு சுரத்தை எடுத்து அறாமல் பிடித்திருக்கும், எண்ணெய் நூலாக விழுவதைப் போல. பிறகு மெல்ல இடம் மாறும். அந்த அம்மா ஊருக்குப் போகும்போது பென் டிரைவை உனக்கே கொடுத்துவிட்டார். நீ மற்றவர்களுக்கும் அதையே போட்டாய். ஜெர்மன்காரர், பாலராமபுரத்துப் புதுப்பெண், எல்லோரும் 'நெற்றி'யில் தூங்கிப்போனார்கள்.

ஒருநாள் அது உன் அம்மா காதில் விழுந்துவிட்டது. கொல்லைக் கதவில் வந்து நின்று, முடிகிறவரை அசையவில்லை.

"எந்த சபைக்க பாட்டு மக்கா இது?"

நீ கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ரஷ்யாவுல உள்ள சபை."

"வார்த்த இல்ல. ஆனா உள்ள ஸ்தோத்திரம் உண்டு" என்றார்கள்.

அன்றிலிருந்து சாயங்கால ஜெபத்துக்கு முன் 'நெற்றி'. நான் வந்திருந்தால் நானும் பாயில் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சிரிப்பு வரும் முன்பே என் தொடையில் உன் கிள்ளு வந்துவிடும். ஆனால் சிரிப்பு மட்டுமல்ல, ஒரு அரிப்பும் எனக்கு இருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத அரிப்பு. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன்.

போனில் ஒரு செயலி, இசையைக் கேட்டுப் பேர் சொல்வது. அதில் கிடைத்த பேரை வைத்துப் படத்தைத் தேடி, ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பார்த்த கையோடு பூவாருக்கு பஸ் ஏறினேன். வேலை முடிந்து நீ படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாய். ஒரு கால் படகில், ஒரு கால் படியில். நீ இறங்கி முடிக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

யுத்தப் படம். ஒரு கிராமத்து வீடு. செத்துப்போன பையனைக் கிடத்தி நான்கு பெண்கள் கழுவுகிறார்கள். பேச்சே இல்லை, இந்த இசைதான். எவ்வளவு அருமையான காட்சி தெரியுமா, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் நான்கு நிமிஷம். சொல்லிக்கொண்டே போனேன்.

"பையனுக்கு எத்தன வயசு?"

"பதினெட்டு இருக்கும்."

நீ கையை முகர்ந்து பார்த்தாய்.

"அந்தப் புதுப்பெண்ணுக்க நெத்தியிலயும் நான் இதையில்லா ஊத்தினேன்."

அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுநாள் முதல் நெற்றிக்கு நேரம் வந்தால் இசையை நிறுத்திவிடுவதாக உன் கூட்டாளி சொன்னாள். உன் அம்மா கேட்டபோது பாட்டு அழிந்துபோச்சு என்றாயாம். நீ ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாக்கள் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கடைசி மாதங்களில் மத்தியானம் நான் வருவேன். உன் உள்ளங்காலில் தைலம் தேய்ப்பேன். நீ படுத்தபடியே குறை சொல்வாய்.

"மாவு பிசையாத. நரம்பு எங்க போவுதுன்னு பாத்துப் போ."

"பாத்துத்தான் போறேன்."

"அது எலும்பு."

ஒருநாள், கண்ணைத் திறக்காமல்: "நெத்தியப் போடு."

என் கை நின்றுவிட்டது.

"போடுட்டி."

"வேண்டாம். நான் அன்னைக்கு அதச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியாச்சில்லா. அதுல செத்தவன் எத்தன பேரு?"

"ஒருத்தன்."

"கழுவுறவளுவ?"

"நாலு பேர்."

"பின்ன? அது அவளுவளுக்க பாட்டாக்கும். ஒருத்தி தலையத் தாங்கியிருப்பா. ஒருத்தி தண்ணி சூடு பாத்திருப்பா. எனக்க வேலதான் அவளுவளுக்கும்."

போட்டேன். உன் அம்மா ஈரக் கையோடு அடுக்களையிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். "கிட்டிச்சா? அழிஞ்சு போச்சுன்னு சொன்னியே." நீ சிரித்தாய். அந்த வருஷத்தில் நான் பார்த்த பெரிய சிரிப்பு அதுதான்.

நான் உன்னிடமிருந்து எடுத்ததை நீயே திரும்ப எடுத்துக்கொண்டாய். எனக்குத் திருப்பித் தரத் தெரிந்திருக்கவில்லை.

அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். நீ அங்கே இருந்தாய், ஆனால் உனக்குத் தெரியாது.

ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உன் அம்மா, உன் சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, நான். வெந்நீர். புதுச் சோப்பு. நான் உன் கால்மாட்டில். எலும்பு எது, நரம்பு எது என்று அன்றைக்கு என் கைக்குத் தெரிந்திருந்தது.

"மக்கா, அந்த சபைப் பாட்டப் போடு" என்றார்கள் உன் அம்மா. "சத்தம் குறைச்சு."

ஜன்னலில் போனை வைத்தேன். கீழ்த் தந்திகள் தொடங்கின. உன் அம்மா உன் தலையை இடது கையில் தாங்கி, வலது கையால் நெற்றியில் தண்ணீர் விட்டார்கள். நூலாக. அறாமல்.

சித்தி நிமிர்ந்தார்கள். "அக்கா, இது சபைப் பாட்டு மாதிரி இல்லியே. சினிமாவுல சாவு வரும்போ போடுவாவளே, அது மாதிரி இல்லா இருக்கு."

தண்ணீர் நின்றது. உன் அம்மா என்னைப் பார்த்தார்கள்.

"சினிமாவா மக்கா?"

படகுத்துறை நினைவுக்கு வந்தது. ஒரு கால் படகில், ஒரு கால் படியில்.

"இல்ல மாமி. ரஷ்யாவுல உள்ள சபை."

தண்ணீர் மறுபடி விழுந்தது.

நான் நிறுத்த மறந்ததால் அடுத்த கோப்பும் ஓடியது. 'கை கழுவ'. தோணியிலிருக்கும் ஆள் அசையாமல் கிடக்க, நீயும் உன் கூட்டாளியும் மூலையில் நின்று எண்ணெய் போகக் கழுவும் நேரத்துக்கானது. நாங்கள் ஒருவர் கையில் ஒருவர் தண்ணீர் விட்டுக்கொண்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இன்று. வயலின் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஒருமுறை கேட்டுவிட்டு, "இது வயோலாவுக்கு உள்ளது, வயலினுக்குத் தாழ்ச்சி. ஆனாலும் பாக்கலாம்" என்றார். எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கலாம். அவருடைய தாடைக்குக் கீழும் தழும்பு உண்டே.

அச்சுத் தாளுக்கு என்ன சொல்வது? படத்தின் பேரைச் சொன்னால் உண்மை. ஏதாவது ஒரு ரஷ்யக் கீர்த்தனை என்று இட்டுக்கட்டினால், அறைக்குள் சொன்ன பொய் அச்சில் ஏறும். மதியம் முழுக்க யோசித்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். பதில் அங்கேயே இருந்தது, தமிழில், ஞாயிறு பள்ளி எழுத்துகளில்.

போன் செய்தேன்.

"நெற்றி, மாமி."

"நெத்தியா? ரஷ்யாக்காரவ பாட்டுக்கு இப்பிடியா பேரு போடுவாவ?"

"இது அவ போட்ட பேரு."

அந்தப் பக்கம் கொல்லையில் கோழி கேறுவது கேட்டது.

"அன்னைக்கு அவளுக்க நெத்தி நல்ல குளுந்து கெடந்துது, இல்லியா" என்றார்கள். பிறகு, "எழுது மக்கா. அப்பிடியே எழுது."

எழுதிவிட்டேன். இரண்டாம் கீர்த்தனைக்கும் வேதவாசிப்புக்கும் நடுவில் ஒரு வரி. இசை: நெற்றி.

அரிப்பு இன்னும் உண்டு எனக்கு. வகுப்பில், கூட்டங்களில், யாராவது கண்ணை மூடி எதையாவது கேட்டுக்கொண்டிருந்தால் பேர் சொல்ல வாய் எடுக்கிறேன். அப்போது ஒரு கிள்ளு விழுகிறது. அதே இடத்தில்.

இன்று மறுபடி கண்ணை மூடிக் கேட்டேன். அத்தனை பேருக்குள் ஒரு தோள். இரண்டாம் நிமிஷத்தில், ஒரு சுரம் இடம் மாறும்போது, இந்தா, இது அவங்க என்று தோன்றியது. உறுதியில்லை. உன்னிடம் கேட்க முடியாது.

மூடியை மாட்டினேன். விரலில் மணம் ஒட்டியிருக்கிறது. சாயா போட எழும்ப வேண்டும். இன்னும் கை கழுவவில்லை.