சீட்டு ஒட்டாத குடுவை

இல்லையப்பா, உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் குரல் அப்படிக் கேட்டது அசதியால்தான். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று ஆய்வகத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். மூன்று வாரமாகக் காய்ச்சி வடித்துச் சேர்த்த பொருள், குடுவையின் அடியில் பழுப்புக் கறைபோல் இருந்தது. எனக்கு உதவும் இளங்கலை மாணவி அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

“நீங்கதானேக்கா அழுக்கா எதையும் விட்டுட்டுப் போகாதேன்னீங்க? தேய்ச்சுத் தேய்ச்சு கையே வலிக்குது.”

திட்ட முடியவில்லை. குடுவையில் பெயர்ச் சீட்டு ஒட்டாவிட்டால் அவளுக்கு மதிப்பெண் குறைப்பவள் நான். அந்தக் குடுவையில் நானே ஒட்டவில்லை. மாதக் கடைசியில் பேராசிரியரிடம் அந்தப் பொருளைக் காட்டினால்தான் அடுத்த ஆண்டும் வேலை. இது பெரும்பாலும் பாடம் மட்டும் நடத்துகிற பல்கலைக்கழகம். முனைவர் பட்டம் முடித்து ஆராய்ச்சிக்கென்று வந்தவள் நான் ஒருத்திதான். புலம்பக்கூடப் பக்கத்து மேசையில் ஆளில்லை.

சர்க்கரை டப்பாவுக்கும் சீட்டு எழுதி ஒட்டும் உங்களை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். உங்கள் கையெழுத்தில் கொஞ்சம் சீட்டுகள் எழுதி அனுப்புங்களப்பா. என்ன எழுதினாலும் சரி, ‘உப்பு’ என்றுகூட.

அந்த மாணவி வந்துவிட்டாள், முடிக்கிறேன். இன்று காலை புதுக் குடுவையில் முதலில் சீட்டை ஒட்டினேன். பிறகுதான் அதில் ஊற்றத் தொடங்கினேன்.