குக்கர் பெண் படம்

ஆகஸ்ட் 19, புதன், இரவு

ஸ்டீபன் இன்று எங்கள் பத்திரிகைக்கு இன்டர்வியூவுக்கு வந்தான். பதினைந்து வருடமாக ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர். காலியாக இருந்தது ஒரே ஒரு நிரந்தர வேலை. சீனியர் போட்டோகிராபர் என்று ஆசிரியர் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். நானும் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவன் கொண்டுவந்த படங்களில் அதுவும் இருந்தது. மழைவெள்ளத்தில் குக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நடக்கும் பெண். எடுத்தவன் அவன்தான். அன்று நான் ஊரின் மறுகோடியில், அல்வாலில், மச்சினன் கல்யாணப் பிரியாணியோடு போராடிக்கொண்டிருந்தேன். போன் செய்தேன், அனுப்பிவைத்தான். தவறவிட்டவனுக்குப் படம் கொடுப்பதும் அது வாங்கியவன் பெயரில் அச்சாவதும் போட்டோகிராபர்கள் எங்களுக்குள் வழக்கம். அந்தப் படத்துக்கு எனக்கு விருது வேறு கொடுத்துத் தொலைத்தார்கள்.

"இது நம்ம ஜெபராஜ் எடுத்ததாச்சே?" என்றார் ஆசிரியர், என் தோளைத் தட்டி.

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். "அண்ணா, நீங்களே சொல்லுங்க." நான் சொல்வேன் என்று நம்பித்தான் அதை வைத்திருக்கிறான்.

"என் படத்தைக் காட்டி என் சீட்டுக்கே அடிபோடறான் சார்!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் படங்களை அடுக்கிக் கட்டினான்.

லிஃப்ட் வரை பின்னாலேயே ஓடினேன். "டீ குடிச்சிட்டுப் போடா."

"நக்கோ அண்ணா, வேணாம். மாதாப்பூர்ல ஒரு கம்பெனி பார்ட்டி, குரூப் போட்டோ எடுக்கணும்."

ஆசிரியருக்கு உண்மையை எழுதிவிடலாம் என்றுதான் சாப்பிட்டதும் உட்கார்ந்தேன். இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.