பன்னிரண்டு வரியில் பிடிபட்ட பிழை

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்தே இடவப்பாதி மழை, தென்மேற்குப் பருவத்துக்கு இங்கே அதுதான் பெயர். கரமனை ஆறு செம்மண் நிறம். குடை விரிகிறது, மடங்க மாட்டேன் என்கிறது. பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரின் தொப்பியைத் தட்டிவிட்டேன். அவர் சிரித்தார், பின்னால் நின்ற பெண் சிரிக்கவில்லை.

இன்றைக்கு:
– புதுக் குடை
– உளுந்து ஊறப்போட
– கிராஷ்

மூன்றாவதற்குத்தான் சம்பளம். எட்டு மாதமாக நானும் லிங்கமும் எங்கள் வெப்அசெம்பிளி ரன்டைமில் ஜி.சி. (கார்பேஜ் கலெக்‌ஷன், குப்பை சேகரிப்பு) சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு நிரலை எந்தக் கருவியிலும் ஓடவைப்பது ரன்டைமின் வேலை. இனிமேல் அந்த நிரல் உபயோகித்துத் தூக்கிப்போட்ட பொருள்களையும் அதுவே தேடி நினைவகத்திலிருந்து அழிக்க வேண்டும். அழிக்கும் பகுதி என்னுடையது. எந்தெந்தப் பொருள் இன்னும் தேவை என்று எனக்குப் பட்டியல் கொடுக்கும் கம்பைலர் பகுதி லிங்கத்தினுடையது.

எல்லாம் ஓடுகிறது. பல ஆயிரம் தடவை ஓட்டினால் ஒரு தடவை மட்டும், தேவையான பொருளையே அழித்துவிட்டு அப்படியே விழுந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முடிவு. அதற்குள் சரியானால் அடுத்த வெளியீட்டில் சேரும். இல்லாவிட்டால், ஆய்வகக் கருவிகளுக்குத் திரை செய்கிற கொச்சிக் கம்பெனி வேறு ரன்டைமைப் பார்த்துக்கொள்ளும். எட்டு மாத வேலை அப்படியே மூலையில்.

காலை மீட்டிங்கில் எங்கள் மேலாளர் பீனா மேடம் காரணம் கேட்டார். லிங்கத்தின் பட்டியலில் ஏதோ ஓர் இடம் விட்டுப்போகிறது என்றேன்.

"உறப்பாணோ, ஜானகி?"

உறுதிதான் என்றேன். லிங்கம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

குடை வாங்க மறந்துவிட்டேன்.


ஜூன் 17, செவ்வாய்

மழை. தோசை நன்றாக வந்தது. அதுவே ஒரு சாதனை.

சாப்பிடும்போது ம. (கல்யாணமாகி பதினாறு வருஷம், டைரியில் கணவருக்கு ஓரெழுத்து போதும்) என் வேலை என்னவென்று நிஜமாகவே கேட்டார். சொன்னேன். புதிதாக வந்த பொருள்கள் ஒரு பகுதியில், நாள்பட்டவை இன்னொரு பகுதியில். புதியதில் முக்கால்வாசி வந்த வேகத்தில் வேண்டாததாகிவிடும். அதனால் அடிக்கடி அந்தப் பகுதியை மட்டும் சுத்தம் செய்வோம். ஒரே ஒரு ஜாக்கிரதை. பழைய பொருள் ஏதாவது ஒரு புதியதைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். குறிக்காவிட்டால், கேட்பாரற்றது என்று அழிந்துவிடும்.

"குறிக்க மறந்துபோச்சுன்னா?"

எல்லா இடத்திலும் குறித்திருக்கிறேன் என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன். ம. சட்னிப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

எதிர்வீட்டு கிச்சா மாமாவுக்கு நான் ஏதோ குப்பை சேகரிக்கும் திட்டத்தில் இருக்கிறேன் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. தெருமுனையில் குவிந்துகிடப்பதைக் கார்ப்பரேஷனில் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விளக்கியிருந்தால் பஸ் போயிருக்கும்.

ஆபீஸில் லிங்கம் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சீட்டிலேயே இருந்தார். ஆரியசாலையில் அவர் அப்பாவுக்கு வத்தல் மிளகாய் மொத்தக் கடை. என்னைவிட ஏழு வயது இளையவர். கேன்டீனில் எங்கள் மேஜையில் அவர்தான் பேசுவார், நாங்கள் சாப்பிடுவோம். இன்று மேஜை முழுக்க அமைதி. மோர் நன்றாக இருந்தது.

மாலை கிராஷ் மறுபடி வந்தது. பயனில்லை. எங்கே, எப்போது அழிந்தது என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை.


ஜூன் 18, புதன்

குடை வாங்கியாயிற்று. பச்சை. ம.வுக்குப் பிடிக்கவில்லை.

காலையில் லிங்கம் என் சீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மூணு தடவை பாத்துட்டேன்க்கா. எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. நீங்க எந்த எடம்னு நினைக்கியோ, சொன்னா அதை மட்டும் திருப்பிப் பாக்கேன்."

சுட்டிக்காட்ட என்னிடம் எந்த இடமும் இல்லை. பொதுவாக அந்தப் பக்கம்தான் இருக்கும் என்றேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. தலையாட்டிவிட்டுப் போனார்.

பதினொரு மணிக்கு பீனா மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லிங்கத்தின் வேலை இந்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. கடிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. நான் திங்களன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அதை நிறுத்திவைத்திருக்கிறாராம். லிங்கத்துக்கும் தெரியுமாம்.

டீ ஆறிப்போயிற்று.

உறுதி என்று சொன்னேனே, எதை வைத்து? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. என் பகுதியை நான் எட்டு மாதம் எழுதியிருக்கிறேன், அதனால் அது சரியாக இருக்கும். அவ்வளவுதான் ஆதாரம். ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். தப்பு என் பெயரில் வந்துவிடக் கூடாது என்று ஒரு பயமும் உண்டு. இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மதியத்துக்கு மேல் ஊகத்தை நிறுத்தினேன். ஒரு புதுப் பொருள் உருவாகும்போதெல்லாம் உடனே சுத்தம் செய்யும்படி ரன்டைமை மாற்றினேன். ஆமை வேகம். ஆனால் தப்பு எங்கே இருந்தாலும் ஒளிய நேரம் கிடைக்காது.

ஓட்டினேன். நாற்பது விநாடியில் விழுந்தது. மறுபடி ஓட்டினேன். நாற்பது விநாடி. மூன்று வாரமாகக் கண்ணாமூச்சி ஆடியது, இப்போது கூப்பிட்டால் வருகிறது. சீட்டிலேயே கையைத் தட்டிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார்.


ஜூன் 19, வியாழன்

கலெக்டர் மழை விடுமுறை அறிவித்திருக்கிறார். பள்ளி, கல்லூரிகளுக்குத்தான், எனக்கில்லை. ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டிலிருந்தே வேலை. கல்லூரி வாத்தியாரான ம.வும் வீட்டில். பலாக்கொட்டை உரிக்கிறேன் என்று அடுக்களையை எடுத்துக்கொண்டார்.

எட்டரைக்கு உட்கார்ந்தேன். விழுகிற டெஸ்ட் நிரல் நாலாயிரம் வரி. பாதியை வெட்டு, ஓட்டு. இன்னும் விழுகிறதா? மீதியில் பாதியை வெட்டு.

இரண்டாயிரம். விழுகிறது.
ஆயிரம். விழுகிறது.
ஐந்நூறு. விழவில்லை. மற்ற ஐந்நூறு. விழுகிறது.
இடையில் மின்சாரம் போய் வந்தது.
நூற்றிருபது. முப்பது.
பன்னிரண்டு.

பன்னிரண்டே வரி. ஒரு பழைய வரிசை, ஒரு புதிய வரிசை. புதியதில் இருப்பதை மொத்தமாகப் பழையதில் நகலெடுக்கிற ஒரு கட்டளை. பிறகு சுத்தம். பிறகு மரணம்.

நகலெடுக்கும் பகுதியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக வைத்தால் மெதுவாகும் என்று மொத்தமாக ஒரே வீச்சில் நகலெடுத்திருக்கிறது. வேகமான, அழகான நாலு வரி. பழையது புதியதைப் பிடித்துக்கொள்கிறது என்று எங்கும் குறிக்கவில்லை. எழுதியவர் பெயர் வரியின் ஓரத்தில் இருந்தது. ஜானகி, பிப்ரவரியில்.

ம. எட்டிப் பார்த்தார். என்னோட தப்பாக்கும் என்றேன். "கிடைச்சுதோன்னோ, அது மதி" என்றார். போதாது. நாளைக்கு மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குள் லிங்கம் இன்னொரு நாள் இல்லாத பிழையைத் தேடுவார். போனை எடுத்தேன்.

"லிங்கம், கிடைச்சுடுத்து. உங்க பக்கம் இல்லை. என்னோடது. மொத்தமா நகல் எடுக்கற இடத்துல குறிக்காம விட்டிருக்கேன்."

எதிர்முனையில் கதவைச் சாத்துகிற சத்தம்.

"மூணு நாளா நான் எழுதினதை நானே நம்பலக்கா" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கடைக்கே வந்துருன்னு அப்பா சொல்லிட்டாரு. சரின்னு சொல்லத்தான் இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். ஆதாரமில்லாமல் சொன்னேன் என்றும், பீனாவிடம் நானே சொல்வேன் என்றும் சொன்னேன்.

"திருத்தினதை அனுப்புங்க. நான் பாத்துச் சொல்லுதேன்."

மதியம் மூன்றுக்கு அனுப்பினேன். பலாக்கொட்டைப் பொடித்துவல் என்கிற பொரியலில் உப்பு இல்லை. இருந்தும் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.


ஜூன் 20, வெள்ளி

தூறல். தண்ணீர் வடிந்துவிட்டது. செருப்பில் ஒன்று மட்டும் ஈரம், ஏனென்று தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு லிங்கத்தின் குறிப்பு வந்திருந்தது. நான் திருத்திய இடம் சரி. ஆனால் ஒரே பொருளால் வரிசை முழுவதையும் நிரப்புகிற கட்டளை ஒன்றுண்டே, அதிலும் இதே குறை இருக்கிறது, பார்த்தீர்களா? அதைக் காட்டும் டெஸ்ட் ஒன்றையும் எழுதி இணைத்திருந்தார். ஒன்பது வரி. என் பன்னிரண்டைவிட மூன்று குறைவு.

நான் பார்க்கவே இல்லை. அவர் பார்க்காவிட்டால் மூன்று மணிக்கு முடிந்தது என்று சொல்லியிருப்பேன், அடுத்த மாதம் கொச்சியில் விழுந்திருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தே திருத்தினேன். பத்தரைக்கு ஓடவிட்டோம். இருபது கம்ப்யூட்டரில், நிற்காமல்.

மூன்று மணி. பீனா மேடம், வெளியீட்டுக் குழுவில் நாலு பேர், நாங்கள் இருவர். என் முறை வந்ததும் முதலில் அதையே சொன்னேன். திங்களன்று லிங்கத்தின் பகுதி என்று சொன்னது தவறு. எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னேன். பிழை என்னுடையது. இரண்டாவது இடத்தைக் கண்டுபிடித்தது லிங்கம். தண்ணீர் குடித்தேன்.

பீனா பேனாவை மூடினார். இதையே எழுத்தில் அனுப்ப முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார். மீட்டிங் முடியுமுன் அனுப்பினேன்.

பிறகு டெஸ்டைப் பார்த்தோம். காலையிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. திங்கள் காலை வரை இப்படியே ஓடினால் சேர்க்கலாம் என்று குழு சொன்னது.

லிஃப்டில் லிங்கம் என் குடையைப் பார்த்தார். "கிளி கலரு, அக்கா" என்றார். அவ்வளவுதான். திங்களிலிருந்து அவர் என்னிடம் பேசியதில் வேலையைப் பற்றி இல்லாத முதல் பேச்சு.


ஜூன் 22, ஞாயிறு

வெயில். நாலு பக்கெட் துணி. டெஸ்ட் பக்கத்தை ஃபோனில் எத்தனை தடவை திறந்தேன் என்று எழுத வெட்கம். விழவில்லை.


ஜூன் 23, திங்கள்

காலை ஒன்பதே முக்காலுக்குச் சேர்த்தாயிற்று. மூன்று நாள், ஒரு கிராஷ்கூட இல்லை. பீனா மேடம் நின்றபடியே லிங்கத்தின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். லிங்கம் அதை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பிறகு எடுத்து விரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார்.

மதியம் அவர் அப்பா கடையிலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு சாக்கு வந்தது. இனிப்பு இல்லை. வத்தல் மிளகாய், ஆளுக்கு அரைக் கிலோ பொட்டலம். பிரித்து அடுக்கியதும் மாடி முழுக்கத் தும்மல். பீனா மேடத்துக்கு ஏழு தும்மல். எண்ணினோம். கேன்டீன் மேஜையில் லிங்கம் பேசினார், நாங்கள் சாப்பிட்டோம்.


ஜூன் 24, செவ்வாய்

மறுபடி மழை. தயிர் உறையவில்லை.

கொச்சியிலிருந்து மெயில். நேற்று சேர்த்த ரன்டைமில் அவர்களுடைய நிரல் மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, திரை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: இதைச் செய்தது யார், நன்றி சொல்ல வேண்டும்.

லிங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டே பதில் எழுதினேன். அவர் பெயர், அடுத்து என் பெயர்.

"இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி உங்க பேருல்லா முதல்ல வரணும்."

இந்த மெயிலில் அந்த வரிசை இல்லை என்றேன். மாற்றச் சொல்லி அவர் கை மௌஸுக்கு வந்தது. அதற்குள் அனுப்பிவிட்டேன்.