எந்தக் குவாட்டர், அக்கா?

தம்பி,

குளிர் வந்துவிட்டது. இன்று காலை அலமாரியின் அடியிலிருந்து பனிக்கால மேலங்கியை இழுத்தெடுத்து உதறிப் பைக்குள் கைவிட்டேன். பழைய மெட்ரோ டிக்கெட்டும் கசங்கிய டிஷ்யூவும் வந்தன. அடியில், ஆட்டத்தில் நீ வாய்க்குள் மாட்டும் பல்லுக் கவசம் கிடந்தது. உன் கடைவாய்ப் பற்கள் கடித்துக் கடித்து ஒரு பக்கம் வெற்றிலைபோல் மெலிந்துவிட்ட அதே நீல ரப்பர். எடுத்து முகர்ந்து பார்த்தேன். யாராவது கண்டிருந்தால் அருவருத்திருப்பார்கள். ரப்பர் வாடைக்குப் பின்னால் புதினா வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொள்கிறேன். உன் ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது பயம்தான். பெருமை ஆறுதலாகப் பின்னால் வரும்.

பயந்தாங்கொள்ளி அக்கா என்றுதான் உன் அணிக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவாய். எனக்குக் கோபம் வரும், ஆனாலும் பட்டம் பொய்யில்லை. பயத்தை மட்டக்களப்பிலேயே விட்டுவிட்டு வரத்தான் அப்பா நம்மைக் கூட்டிக்கொண்டு பிரெஞ்சு பேசும் இந்தப் பனி ஊருக்கு வந்தார். நீ அதைச் சம்பளத்துக்குத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தாய்.

கோட்-டெ-நெய்ஜில் நாம் இருந்த தெருவில் மற்றப் பெடியன்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்தபோது, நீ பள்ளியில் கொடுத்த அமெரிக்கன் ஃபுட்போல் முட்டைப் பந்தை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு படி ஏறி வந்தாய். பள்ளி அணி, கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி என்று போய், கடைசியில் சம்பளம் கொடுக்கும் அணி. முதல் வருஷம் பயிற்சிக்கு மட்டும் வைத்திருந்தார்கள். பிறகு உனக்கு முன்னால் இருந்தவனுக்கு முழங்கால் போனது, அவனுடைய இடம் உனக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் பாயாசம் காய்ச்சினோம். இன்னொருத்தன் முழங்கால் போனதற்குப் பாயாசமா என்று நான் கேட்டேன், அம்மா முறைத்தார்.

உன் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளக்கியது நான்தான். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மதில்போல் நிற்கிறவர்களுக்குள் ஹெல்மெட் போட்ட தலையைக் குனிந்து பாய வேண்டும், விழுத்தும்வரை ஓட வேண்டும் என்று சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டார்.

"தலைக்குத் தொப்பி இருக்கு மனே. காலுக்குத்தான் ஒண்டும் இல்ல" என்றார். மகனோ மகளோ, அவருக்கு எல்லாரும் 'மனே'தான்.

ஊருக்குச் சொல்லியனுப்பி, வெள்ளியில் ஒரு சோடிக் கால் செய்து அம்மன் கோயிலில் போடவைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் உன் முழங்காலுக்குத்தான் பயந்தேன். நீ விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது, நீ நொண்டுகிறாயா என்பதை.

மலைச் சரிவில் இருக்கும் உங்கள் மைதானத்தில் நீங்கள் உட்காரும் வாங்குக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் எனக்கு இடம் எடுத்துத் தந்தாய். எட்டினால் உன் தோளைத் தொடலாம். அங்கேயிருந்து பார்ப்பதும் தொலைக்காட்சியில் பார்ப்பதும் ஒன்றல்ல. அங்கே சத்தம் கேட்கும். இரண்டு தொப்பிகள் மோதும் அந்தச் சத்தத்துக்கு நான் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வேன், நீ ஓடிய நல்ல ஓட்டங்களில் பாதியை நான் பார்க்கவேயில்லை. ஆனால் உங்கள் அணி முன்னுக்கு நின்று, நாலு பகுதி ஆட்டத்தின் கடைசிக் குவாட்டரும் வந்துவிட்டால் மூடாமல் பார்ப்பேன். அந்த நேரத்தில் பந்தை எறிய மாட்டார்கள், உன்னிடம்தான் தருவார்கள். நீ ஓட ஓட மணிக்கூடும் ஓடும், எதிரிக்கு நேரம் மிஞ்சாது. சனம் எழும்பி நின்று கத்தும். "பந்தை எனக்குத் தந்தா மேட்ச் முடிஞ்சுது" என்று வீட்டில் மார் தட்டுவாய்.

ஒரு நாள் நீ விழுந்து, எழும்பி, நேராகத்தான் நடந்து வந்தாய். கால் சரி என்று நான் மூச்சு விட்டேன். வாங்கில் உட்கார்ந்து, வாயிலிருந்து கவசத்தை எடுத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"எந்தக் குவாட்டர், அக்கா? ஆர் முன்னுக்கு?"

மூன்றாவது, நீங்கள்தான் முன்னுக்கு என்றேன். புள்ளியும் நேரமும் காட்டும் பெரிய பலகை கண் முன்னால் இருக்க என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று யோசித்தேன். அடுத்த நிமிஷம் அணியின் வைத்தியர் உன் முன்னால் குந்தி, தலையில் அடி பட்டிருக்கிறதா என்று பார்க்க ஆங்கிலத்தில் அதே இரண்டு கேள்வியையும் கேட்டார். நீ சரியாகச் சொன்னாய். அவர் உன் தோளில் தட்டிவிட்டுப் போனார். நீ திரும்பவும் உள்ளே ஓடினாய். அவருக்குச் சொல்லத்தான் என்னிடம் பதிலை வாங்கினாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாள் சமையலறையில் வைத்து உன்னைப் பிடித்தேன். பலகையைப் பார்த்தாயாம், எழுத்தெல்லாம் நீந்தினதாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது அக்கா. இந்த வேலையில காலுக்குக் கட்டுப் போட்டா ஆறும்வரை பாத்துக்கொண்டு இருப்பாங்க. தலை எண்டா வீட்ட அனுப்பிருவாங்க."

நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவள். விழுந்த பிள்ளை உடனே வீரிட்டு அழுதால் தூக்கித் துடைத்துவிட்டு விட்டுவிடுவோம். அழாமல் எழும்பி, ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிப் பார்க்கிற பிள்ளையைத்தான் விடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். நீ அழாத பிள்ளை. இனிமேல் கேட்டால் சொல்ல மாட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ என் தலையில் குட்டிவிட்டுச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாய்.

அந்த வருஷ இலையுதிர் காலத்து ஆட்டம் ஒன்றைப் பற்றி நீ பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை. இன்று நான் கதைக்கிறேன். இரண்டு பேர் உன்னை இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்தார்கள். நீ எழும்பினாய், ஆனால் எதிரணியின் வாங்கைப் பார்த்து நடந்தாய். யாரோ பிடித்துத் திருப்பிவிட்டார்கள். உட்கார்ந்ததும் கவசத்தைக் கையில் எடுத்தாய், என்னைத் திரும்பிப் பார்த்தாய். வைத்தியர் ஏற்கனவே உன் முன்னால் குந்திவிட்டார்.

"அக்கா, எந்தக் குவாட்டர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. உன் கண் என் முகத்தில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போனது. இரண்டாம் தடவை கேட்டாய், கெஞ்சினாய். இந்த ஒரு சொல்லைச் சொன்னால் நீ உள்ளே போவாய், போனால் என்னிடம் திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். வைத்தியர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பிக்குத் தெரியவில்லை, என்னிடம் கேட்கிறான் என்று அவரிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். உன் தொப்பியை எடுத்து ஒரு ஆளிடம் கொடுத்தார்கள், நீ திரும்ப உள்ளே ஓடிவிடாமல் இருக்க அவன் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி மேலே ஏறி உட்கார்ந்தான். நீ கவசத்தை என்னை நோக்கி வீசினாய். அது நெஞ்சில் பட்டு மடியில் விழுந்தது. எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டேன், அன்றிலிருந்து அதன் இடம் அதுதான்.

அதன் பிறகு நீ களத்தில் இறங்கவில்லை. கோடையில் பயிற்சி தொடங்கியபோது உனக்கு அழைப்பு வரவில்லை, வேறு அணிகளும் கேட்கவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று திரைச்சீலையை மூடியே வைத்திருந்தாய். அடுத்து வந்த பனிக்காலத்தையும் என்னோடு கதைக்காமல் முழுக்கக் கழித்தாய். பனி கரைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுவந்த பிட்டைத் தின்றுகொண்டே வாயைத் திறந்தாய்.

"நீ சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு சீசன் ஓடியிருப்பன்."

"ஓம். மறுகா? அதுக்குப் பிறகு?" என்றேன்.

நீ இன்னும் கொஞ்சம் பிட்டுக் கேட்டாய். நீ என்னை மன்னித்தது அதுதான் என்று நான் வைத்துக்கொண்டேன்.

அத்தனை பேர் ஓடிவந்து மோதியும் எழும்பி நின்ற நீ, ஒரு மாசி மாதத்து மத்தியானம் பண்டகசாலை வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாய். எழும்பி, ஒன்றுமில்லை என்று சொல்லி, வேலையும் செய்தாயாம். பிறகுதான் குமட்டிச் சத்தி எடுத்தாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது ஒரு இளம் டாக்டர் உன் மேல் குனிந்து, இது என்ன மாதம், இது எந்த இடம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதே கேள்விகள். நீ அவரை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய், அதே பார்வை. அப்போதும் நான் சொல்லவில்லை. உனக்குத் தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கான் எடுக்க ஏற்பாடு செய்ய அவர் அவசரமாக வெளியே போனார். நாம் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

"எந்தக் குவாட்டர், அக்கா?"

இனி ஏமாற்ற அங்கே யாரும் இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசிக் குவாட்டர் மனே."

"ஆர் முன்னுக்கு?"

"நாமதான் முன்னுக்கு."

உன் முகம் தெளிந்தது. "அப்ப பந்தை எனக்குத் தரச் சொல்லு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கானுக்குக் கொண்டுபோனவர்கள் உன்னைத் திருப்பிக் கொண்டுவரும்போது நீ என்னை அறியவில்லை, மறுநாள் போய்விட்டாய். தலையல்லவா செய்து போட்டிருக்க வேணும் என்று அம்மா வெள்ளியில் செய்த அந்தக் கால்களை நினைத்து இன்னும் புலம்புகிறார்.

கவசத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் இன்று வேலைக்குப் போனேன். நடைபாதையில் முதல் பனிக்கட்டி பளபளத்தது. வழக்கம்போலப் பயந்துபோய் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பைக்குள் கையை விட்டு, உன் பல் பதிந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு, கடைசிக் குவாட்டர், நாமதான் முன்னுக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு அடி அடியாக எடுத்து வைத்து, விழாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

உன் அக்கா