பக்கத்து வீட்டுக் கராஜ் மேல் ஓர் ஆன்டெனா

ஆகஸ்ட் 18, திங்கள்

என் புருஷன் லோவெல் இன்று கேபிள் டிவியை நிறுத்திவிட்டான். கம்பெனிப் பெண் அவனைத் தொலைபேசியில் வெகுநேரம் காக்க வைத்து, கடைசியில் இன்னும் பெரிய இணைப்பாக வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம். "உங்க கேபிளைப் பாக்கறதுக்கு என் வீட்டுச் சுவத்தையே பாப்பேன்!" என்று கத்திவிட்டு வைத்தான். வைத்த பிறகு எதிரே இருந்த சுவரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

வெங்காயம் எப்படி நறுக்குவது என்று லோவெல் இன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள், டிவியும் இல்லை — நான் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வருகிறான். துண்டு மடிப்பதும் தப்பாம்.

மகள் கிறிஸ்டா மில்வாக்கியிலிருந்து பேசினாள். "அப்பா, இப்ப எல்லாரும் இன்டர்நெட்லதான் பாக்கறாங்க. ஃபுட்பாலுக்கு ஒரு ஆப், செய்திக்கு ஒரு ஆப், சினிமாவுக்கு ஒண்ணு..."

"ஒரு திருடனை விரட்டிட்டு நாலு திருடனைக் கூப்பிடச் சொல்றியா?"

ஆன்டெனாதான் வைப்பானாம். காற்றில் சும்மா வருவதை எவன் தடுப்பான் என்கிறான்.

ஆகஸ்ட் 23, சனி

பக்கத்து சீலின்ஸ்கி வீடு தடுக்கிறது.

லோவெல் பரண் ஜன்னலில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு "வருதா?" என்று கத்தினான்.

"இல்ல!"

"இப்ப?"

"கட்டம் கட்டமா ஒரு மூக்கு வருது!"

கிரீன் பே ஊரின் டிவி கோபுரங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் அவர் வீட்டு மாடி. கூரைமேல் ஏற லோவெலின் முழங்கால் விடாது. சீலின்ஸ்கி பனி தள்ளும் யந்திரத்தை ஓட்டி எங்கள் வாசலில் பனியைக் குவித்தார் என்று அவரோடு பேச்சை விட்டுப் பல குளிர்காலம் ஆகிறது. "வேணும்னே மாடி கட்டியிருக்கான்," என்றான். நாங்கள் இங்கே குடிவரும்போதே அந்த மாடி இருந்தது.

ஃபுட்பால் தொடங்குவதற்குள் படம் வராவிட்டால்? கம்பெனியிடம் தலை குனிந்து போகமாட்டான். குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் என்னோடு... கடவுளே.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

லோவெல் பல் டாக்டரிடம் போன சமயம் பார்த்து, செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தோடு சீலின்ஸ்கி கதவைத் தட்டினேன். மனைவி இறந்தபின் அவர் தனியாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"என் கராஜ் கூரையில வெக்கலாம், ஆர்டிஸ். பழைய ஆன்டெனா ஒண்ணு கிடக்கு. என்கிட்டயும் கேபிள் இல்ல, ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக்கலாம். ஆனா லோவெல் கண்டுபிடிச்சுட்டா?"

"மாட்டான். தன்னாலதான் படம் வந்துதுன்னு நெனச்சுக்குவான்."

அவர் கூரையில் ஆன்டெனாவைக் கட்டியதும், வேலியோர லைலாக் புதர் வழியே ஒயரை இழுத்து, நிலவறை ஜன்னலில் நுழைத்து, டிவியில் செருகினோம். பரணிலிருந்து வரும் ஒயர் இப்போது எதிலும் இல்லை. சும்மா தொங்குகிறது.

லோவெல் வந்ததும், "இன்னொரு தடவ திருப்பித்தான் பாரேன்," என்றேன். பரணுக்குப் போய்த் திருப்பினான். "வந்துடுச்சு!" என்று அலறினேன். எனக்குள் இப்படி ஒரு நடிகை இருந்தது தெரியாமல் போயிற்று.

ஆகஸ்ட் 30, சனி

ஹார்டுவேர் கடையில் லோவெல் எல்லாருக்கும் பாடம் நடத்தினான். "சூட்சுமம் கோணத்துலதான் இருக்கு." ஆணி பொறுக்குகிற மாதிரி சீலின்ஸ்கி முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் ஆட்டம். வெளியே பேய்க்காற்று. நல்ல கட்டத்தில் படம் உடைந்தது. நான் தடுப்பதற்குள் லோவெல் பரணுக்கு ஓடினான்.

ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறான். முழுசும் கையோடு வந்துவிட்டது.

அதைச் சுருட்டிப் பிடித்தபடி இறங்கி வந்தான். டிவியைப் பார்த்தான். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தான். டிவிக்குப் பின்னாலிருந்த ஒயரைத் தொடர்ந்து போனான் — நிலவறை, ஜன்னல், லைலாக் புதர். நானும் பின்னாலேயே. சண்டை வந்தால்? என்னோடும் பேச்சை விட்டுவிட்டால்?

கராஜ் கூரையில் சீலின்ஸ்கி ஒரு கையால் தொப்பியையும் ஒரு கையால் ஆன்டெனாவையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளா நீயாய்யா எனக்குப் படம் காட்டினே?"

"உன் பெண்டாட்டி செர்ரி பை சுட்டுக் கொண்டாந்தா. நான் என்ன பண்ண?"

ஆடிக்கொண்டிருந்த ஏணியை லோவெல் முறைத்துப் பார்த்தான். பிறகு போய் அதைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் இடது பக்கம் திருப்பு, மடையா! கோணமே தப்பு!"

செப்டம்பர் 8, திங்கள்

லோவெல் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகச் சமைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆட்டம் தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே லோவெல் சாசேஜ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். அங்கே திரை பெரிதாம். "உனக்குத் தனியா இருக்க கஷ்டமில்லையே?" என்று வாசலில் நின்று கேட்டான். முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு, பரவாயில்லை என்றேன்.

சோபாவில் காலை நீட்டிப் படுத்து ஒரு பழைய காதல் படம் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் ஒரே மூச்சில் நடுவரைத் திட்டின. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.