கொல்லையில் குழிக்கற்கள்

கார்த்திகை 8, திங்கள்

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். கண் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போன என் வீட்டுக்காரருக்கு இந்த மன்னிப்பு. அவர் ரயில்வே வேலையாகச் சிவமொக்காவில். குழந்தை மீனு இப்போதுதான் தூங்கினாள். எனக்கு வேறு நேரம் ஏது.

பகலெல்லாம் பனி மூட்டம். குல்லா இன்னொன்று பின்ன வேண்டும். பால்காரனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். வாசலில் நின்றால் ஆள் அரவம் இல்லை. ஒரு ஜட்கா போனால் மீனு கழுத்தை வளைத்துப் பார்க்கிறாள், அவ்வளவு அபூர்வம். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களோ என்று முதல் வாரம் நினைத்தேன். பேச்செல்லாம் பின்னால் என்று பிறகுதான் தெரிந்தது. வீடுகளின் முதுகுப் பக்கம் ஒரு சந்து. துப்புரவு வண்டிக்காக விட்டது, 'கன்சர்வன்சி' என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு கதவு. சமையல் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

இன்னொரு அதிசயம். நம் கொல்லையில் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் குழி. உரல் இல்லை, அவ்வளவு ஆழம் இல்லை. மதிலுக்கு அடியில் நுழைந்து பக்கத்து வீட்டுக் கொல்லையிலும் அதே வரிசை. நூல் பிடித்தாற்போல. யார் போட்டது? எதற்கு?

கார்த்திகை 9

பக்கத்து வீட்டுப் பங்கஜக்காவிடம் கேட்டேன். சந்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டுக் கம்பம் நட்ட கல்லும்மா. பிளேக் வந்தப்ப கோட்டைக்குள்ள இருந்தவங்களை இங்கதான் கொண்டாந்து போட்டாங்க. அப்ப இது ராகி வயலு."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே ஷெட்டுல பொறந்தவ. உன் அடுப்படி இருக்குதில்ல, கிட்டத்தட்ட அந்த எடம்."

அவள் மகள் சரோஜா, தலைப்பிரசவத்துக்கு வந்தவள், மாதம் நிறைந்து சுவரில் சாய்ந்திருந்தாள். "ஆரம்பிச்சுட்டா. இனி கூரை பறந்த கதை வரும் பாருங்க."

வந்தது. வலி எடுத்த சமயம் காற்றடித்துக் கூரைத் தடுக்கு பறந்துபோக, மருத்துவச்சி ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு பிரசவம் பார்த்தாளாம்.

ஷெட்டைப் பிரித்த பிறகு அதே வரிசையில் மனை அளந்தார்களாம். அதனால்தான் தெரு இத்தனை நேர். வீட்டுக்கு வீடு இடைவெளி, பின்னால் சந்து, எல்லாம் காற்றுக்காக. பயத்தில் போட்ட தெரு. நான் உப்பு ஜாடி வைக்கும் இடத்தில் அக்கா பிறந்திருக்கிறாள்.

கார்த்திகை 11

காலையில் சந்தில் செத்த எலி. நம் கதவுக்கும் அக்கா கதவுக்கும் நடுவில். கடிபட்ட அடையாளம் இல்லை. வாயோரம் ரத்தம்.

எதிர்க்கதவு நஞ்சம்மா முந்திக்கொண்டாள். "நம்ம மனேது அல்லம்மா, எங்க வீட்டுது இல்ல. எங்ககிட்ட பூனை இருக்கு."

"உங்க பூனை எங்க வீட்டுப் பாலைத்தான் பாத்திருக்கு. எலியை எங்க பாத்துச்சு?" என்றாள் அக்கா. சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எலி செத்து விழுந்தால் பிளேக்குக்கு அறிகுறி, நகரசபையில் சொல்ல வேண்டும். வந்து வீடுகளைக் காலி செய்வார்கள், வெயில் இறங்கக் கூரை ஓடுகளைப் பிரிப்பார்கள், ஊருக்கு வெளியே மைதானத்து ஷெட்டுக்கு அனுப்புவார்கள்.

அக்கா என்னைத் தனியே இழுத்தாள். "கமலா, சரோஜாவுக்கு இன்னைக்கோ நாளைக்கோ. இந்தப் பனியில ஷெட்டுல எப்படித் தாயி? கூசு பொறக்கட்டும், கொழந்தை கைக்கு வந்ததும் நானே போய்ச் சொல்றேன். அதுவரைக்கும் சும்மா இரு."

மீனுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் எலியை மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டாள்.

மீனுவின் அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

கார்த்திகை 12

மீனுவுக்கு உடம்பு சூடில்லை. பால் குடித்தாள். ஒரு தும்மல்.

எட்டு மாதக் குழந்தைக்குப் பிளேக் தடுப்பு ஊசி போடலாமா? தெரியாது. பி.ஏ.யில் இங்கிலாந்து ராஜாக்கள் அத்தனை பேரையும் படித்தேன்.

ஒன்று மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. கோட்டைக்குள் எலி விழுந்தபோது அக்கா வீட்டில் என்ன செய்தார்கள்? கேட்டேவிட்டேன்.

அவரைக்காயைக் கீழே வைத்தாள். "மறைச்சாங்க. அதான் அம்மா மட்டும் ஷெட்டுக்கு வந்தா, வயித்துல என்னோட. அப்பா வரல." எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கார்த்திகை 13

இன்றைக்கு நம் அடுப்படியிலேயே செத்த எலி. விறகுக்குப் பின்னால்.

மீனுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். சந்து வழியாக இல்லை, தெரு வழியாக. அக்கா வீட்டு வாசற்கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை. திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"முன்வாசல் வழியா வந்திருக்கே."

"எங்க வீட்டுக்குள்ளயே விழுந்துடுச்சு அக்கா. நகரசபைக்குப் போறேன். உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரல."

அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளேயிருந்து சரோஜா, வயிற்றைப் பிடித்தபடி: "போயிட்டு வாங்க கமலாக்கா. ஏம்மா, ஷெட்டுல பொறந்து நீ என்ன கொறைஞ்சுபோயிட்டே? இந்த வாட்டி குடையை மட்டும் நல்லதா எடுத்துக்க."

பிறகு அக்கா எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு குடையைத் தேடப் போனாள்.

சொல்லியாகிவிட்டது. விடிந்ததும் ஆட்கள் வருவார்கள். மூட்டை கட்டியாகிறது: கம்பளி, பால் செம்பு, குல்லா (ஒன்றுதான் முடிந்தது), அரிசி, உப்பு ஜாடி. மீனுவுக்குக் குறைந்த அளவு ஊசி போடலாம் என்கிறார் நகரசபை டாக்டர். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மைதானத்திலும் குழிக்கல் நட்டிருக்கிறார்களா, பார்க்க வேண்டும்.

தனியாகக் கடிதம் எழுத நேரமில்லை. இந்தப் பக்கங்களையே கிழித்து உங்களுக்கு அனுப்புகிறேன். ஷெட்டுக்கு நம்பர் கிடையாது. மைதானம், பங்கஜம்மாள் பக்கத்து ஷெட் என்று போட்டால் வந்து சேருமாம். ஊசி விஷயத்தில் நான் செய்தது சரிதானா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.