மூன்று ராஜாவைக் கவிழ்த்தவள்

அக்கா,

கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துத் தள்ளுவண்டியில் கடலை வறுக்கிற வாசனை வந்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். நடுரோட்டில் வைத்து இப்படியா ஒருத்தியைப் பிடிப்பது? வந்த ஆட்டோவையும் விட்டுவிட்டேன். செத்துப் போனவர்கள் கொஞ்சம் நேரம் காலம் பார்த்து வந்தால் என்ன?

செங்கல்பட்டிலிருந்து காலையில் புறப்படும் லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், மற்றவர்கள் பூக் கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள். நாம் போக்கர் ஆடினோம். இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாமல்லபுரத்து ஓட்டலில் நீ அறை சுத்தம் செய்துகொண்டிருந்த காலத்தில், ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரம்மா பொழுது போகாமல் உனக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம். பிறகு உனக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. நீ ரயிலேறினாய், ஆட்டமும் கூடவே ஏறியது. நீ, டெலிபோன் ஆபீஸ் குமாஸ்தாவான நான், ஒரு கணக்கு டீச்சர். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பந்தயம் வறுத்த கடலை. தாம்பரம் வருவதற்குள் ஜெயித்தவள் அதைத் தின்று தீர்த்துவிடுவாள்.

ஒரு நாள் எட்டிப் பார்த்தேன், உன் கையில் மூன்று ராஜா. எதிரே டீச்சர் ஒரு சீட்டைக்கூட மாற்றவில்லை. என்றைக்கும் ஒவ்வொரு கடலையாக வைக்கிறவள் அன்று மடியிலிருந்ததை எல்லாம் நடுவில் கொட்டினாள். நீ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூன்று ராஜாவையும் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பைத்தியமா உனக்கு? அந்தக் கைக்கு மேல என்ன வேணும்?" என்று கத்தினேன்.

"இன்னாடி, ஒங்கையையே பாத்துகினு குந்தினா ஆவுமா? எதுத்தாப்ல கீறவ மூஞ்சியப் பாரு. அவ பயப்படவே இல்லியே."

"அவ சீட்டையாவது காட்டச் சொல்லு."

"கவுத்தவளுக்குக் காட்ட மாட்டாங்க. அதான் ஆட்டம். தெரியாமத்தான் போவணும்."

அதை ஆட்டத்துப் பேச்சு என்றுதான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்?

கடலோரத்தில் உன் அப்பாவுக்கு சர்க்கார் கொடுத்த நிலத்தை ஒருவன் வளைத்துப் போட்டு வேலி கட்டியபோது, செங்கல்பட்டு கோர்ட்டில் கேஸ் போட்டாய். அடுத்தவர் வயலிலேயே காலம் தள்ளிய மனுஷனுக்குச் சொந்தமாகக் கிடைத்த மண் அது. வேலையை முடித்துக்கொண்டு ஓடி, லீவு போட்டு ஓடி, செருப்புத் தேய அலைந்தாய். கேஸ் உன் பக்கம் திரும்பியது. ஜெயித்தாயிற்று என்றே வக்கீல் சொன்னார். நானும் டீச்சரும் புடவை எடுத்துக் கொடுக்கக்கூடப் பேசி வைத்திருந்தோம்.

நீ கேஸை வாபஸ் வாங்கிவிட்டு வந்து நின்றாய்.

ரயிலில் எல்லோர் முன்னாலும் உன்னைக் கிழித்தேன். எவ்வளவு வாங்கினாய் என்றுகூடக் கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் இறங்கின பிறகு, பிளாட்பாரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னாய்.

கோர்ட்டு வராந்தாவில் அவன் உன்னிடம் வந்தானாம். தோற்கப் போகிறவன், சிரித்துக்கொண்டே வந்தானாம். "பையன் டியூசனுக்கு சைக்கிள்லதானம்மா போறான்? ரோட்ல லாரி ஜாஸ்தி. பாத்துப் போவச் சொல்லு" என்றானாம். அவ்வளவுதான் பேச்சு. கை கூப்பிவிட்டுப் போய்விட்டானாம்.

"தோக்கப் போறவன் சிரிக்கிறான்னா, அவன் கையில கீறது சீட்டு இல்லடி. வேற இன்னாவோ கீது," என்றாய். "புள்ள கிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா நேரா அவன் எதுக்கப் போயி நிப்பான். நா கவுத்ததே வேஸ்ட்டா பூடும்."

சில வருஷத்தில் மஞ்சள் காமாலை வந்து நீயும் போய்விட்டாய். அவன் நிஜமாகத்தான் சொன்னானா, சும்மா மிரட்டிப் பார்த்தானா? குழம்பு கொதிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, இந்தக் கேள்வி பின்னாலேயே வந்து நிற்கிறது. சில நாள், வெறும் மிரட்டலுக்குப் போய் அப்பன் நிலத்தை விட்டாயே என்று உன் மேல் கோபம் வரும். அப்போதெல்லாம் ரோட்டில் ஒரு சைக்கிள் கிடக்கிறது, அதன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடக்காத அந்த ஒன்றை நான் எத்தனை தரம்தான் பார்ப்பது, அக்கா? உனக்கும் இப்படித்தான் இருந்ததா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

உன் பையன் இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். ஆபீசில் ஏதோ பார்ட்டி என்று கடலோர ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்களாம். போய் இறங்கின பிறகுதான் அது எந்த இடமென்று தெரிந்ததாம். உங்கள் நிலத்தில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்களாம்.

"எங்க தாத்தா மண்ணுல எனக்கே டோக்கன் குடுத்து சோறு போடறான், சித்தி! ஜெயிக்கிற கேஸு. வக்கீலே சொல்றாரு. எங்கம்மா ஏன் வுட்டுச்சு? பயந்தாங்கொள்ளி! வாழ்க்கை பூரா பயந்துகினே செத்துது!"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் உன் பேர் அந்த நிமிஷமே சுத்தமாகியிருக்கும். ஆனால் அந்த ஆள் இன்னும் இருக்கிறான், முன்னைவிடப் பெரிய ஆளாக. உன் பிள்ளையின் கண்ணைப் பார்த்தேன். சத்தியமாகப் போய் நிற்பான்.

அவன் கத்தினான். மேஜையைக் குத்தினான். கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு வாங்க, முகமெல்லாம் வியர்த்து, உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். திட்டுவதற்கு அவன் இருக்கிறான், அக்கா. நான் அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன்.